மீந்த சோறு

ஸ்ரீரங்கப்பட்டணத்துக் காவிரிப் படித்துறையில் உறங்கும் வீடற்றோருக்கு, ஞாயிறு அன்பின் விருந்தில் மீந்த சோற்றை நம் வாலிபர்கள் கொண்டுபோவது வழக்கமாயிருந்தது. காலையில் வடித்த சோறு இரவு எட்டு மணிக்குத்தான் போய்ச்சேரும். ஒருநாள் தமிழ் பேசும் முதியவர் ஒருவர் பொட்டலத்தைப் பிரித்து முகர்ந்துவிட்டு, "ஐயா, நீங்க இதைச் சாப்பிடுவீங்களா?" என்று கேட்டார். நானும் முகர்ந்தேன்; புளித்திருந்தது. வாயடைத்து நின்றேன்.

அரிசி வெந்த பின்னும் சாகாத சில கிருமி வித்துகள், சோறு ஆறிக் கிடக்கையில் பெருகி நஞ்சை உண்டாக்கும். மறுபடி சூடாக்கினாலும் அந்த நஞ்சு அழியாதாம். வேதாகமக் கல்லூரியில் இதை எவரும் எனக்குக் கற்பிக்கவில்லை! கோயம்புத்தூரில் 2014-ல் தொடங்கிய 'நோ ஃபுட் வேஸ்ட்' அமைப்பின் தொண்டர்கள், கல்யாண மண்டபங்களில் மிஞ்சும் உணவைக் கெடுமுன் எடுத்துப் பசித்தோரிடம் சேர்க்கிறார்கள். ஆக, மீந்ததைக் கொடுத்தது குற்றமன்று. எங்கள் வசதிக்காகத் தாமதித்ததே குற்றம். சூரைச்செடியின்கீழ்ப் படுத்திருந்த எலியாவின் தலைமாட்டில் இருந்தது தழலில் சுட்ட அடை அல்லவா?

இப்போது முதல் பானைச் சோறு படித்துறைக்குப் போகிறது. சபை பிறகு உண்கிறது. முணுமுணுப்போரும் உண்டு. அந்த முதியவரை மட்டும் அதன்பின் நான் காணவில்லை.