அனுப்பியதும் சேர்ந்ததும்

இருவர் உரையாட வேண்டுமாயின் அவருள் ஒருவர் முதலிற் காத்திருத்தல் வேண்டும். ஆளில்லாத வீட்டின் படலையை எத்துணை நேரம் தட்டினாலும் மறுமொழி கிடைப்பதில்லை. இது சிறு குழந்தையும் அறிந்த உண்மை. ஆயினும் கணினிகள் தம்முட் பேசும் முறையை மாணவருக்குக் கற்பிக்கப் புகும்போது, இவ்வெளிய உண்மையிலிருந்தே நான் தொடங்குவது வழக்கம்.

"மாஸ்டர், பெடியன் அந்தக் கறுப்புத் திரைக்கு முன்னாலை இருந்து என்னதான் செய்யிறான்?" என்று பெற்றோர் சிலர் என்னிடம் வினவுவதுண்டு. ரொறன்ரோவிலோ இலண்டனிலோ இருக்கும் மகளின் குரல் உங்கள் கைத்தொலைபேசியிலே கேட்கிறதன்றோ? அக்குரல் புகுந்து வரும் வாயிலைத் தன் கையாலேயே அமைக்க அவன் பழகுகிறான் என்பதே அவர்களுக்கு என் விடை. அவ்வாயிலுக்குச் சொக்கெற் என்று பெயர். நம் வீட்டுச் சுவரிலுள்ள மின் சொக்கெற்றின் பெயரும் அதுவே. சுவருக்குப் பின்னால் மின்சாரம் எவ்வழியாக வருகிறது என்று ஆராயாமலே நாம் மின்விசிறியை அதிற் பொருத்துகிறோம். அவ்வாறே, செய்தி கடலடி வடத்தின் வழியே செல்கிறதோ வானலை வழியே செல்கிறதோ என்று கவலையுறாமல், செய்நிரல் இவ்வாயிலிலே எழுதுகிறது, இவ்வாயிலிலேயே வாசிக்கிறது.

இதன் வரலாறு நீண்டதன்று. வெவ்வேறு வலையமைப்புகளை ஒன்றோடொன்று இணைக்கும் வழியை வின்ட் சேர்வ், பொப் கான் என்னும் இருவர் 1974ஆம் ஆண்டிலே ஒரு கட்டுரையில் விளக்கினர். அவ்வழியிற் பிறந்த ரி.சி.பி. முறைக்கு, அமெரிக்காவின் ஆர்ப்பாநெற் வலையமைப்பு 1983 சனவரி முதலாந் திகதி மாறியது. அவ்வாண்டிலேயே கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பேர்க்லி வளாகத்தார் தமது யூனிக்ஸ் பதிப்பிலே சொக்கெற்றுகளை வெளியிட்டனர். பெல் ஆய்வுகூடத்திலே டெனிஸ் ரிச்சி ஆக்கிய சி மொழியில் அன்று அமைந்த கட்டளைகளை இன்றைய மாணவனும் ஏறக்குறைய அவ்வாறே எழுதுகிறான். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக மாறாதிருக்கும் ஒன்றைக் கணினித் துறையிலே காண்பது அரிது.

காத்திருப்பவன் செய்யவேண்டியவை நான்கு. முதலாவது, 'சொக்கெற்' என்னும் கட்டளையால் வாயிலொன்றைக் கேட்டுப் பெறுதல். பணிசெயல் முறைமை அதற்கு ஓர் எண்ணைத் தருகிறது. பூச்சியம், ஒன்று, இரண்டு ஆகியவை சாவிப்பலகைக்கும் திரைக்கும் முன்னரே உரியனவாதலின், மாணவனுக்குப் பெரும்பாலும் மூன்று என்னும் எண்ணே முதலிற் கிடைக்கும். இரண்டாவது, 'பைண்ட்' என்னும் கட்டளையால் அவ்வாயிலுக்கு முகவரியும் துறை எண்ணும் இடுதல். துறை எண்கள் 65535 வரை உள்ளன. இணையப் பக்கங்களுக்கு 80, மின்னஞ்சலுக்கு 25 என்பன மரபாக ஒதுக்கப்பட்டவை. மூன்றாவது, 'லிசன்' என்னும் கட்டளையால் செவிசாய்த்தல். நான்காவது, 'அக்செப்ற்' என்னும் கட்டளையால் வந்தவரை ஏற்றல்.

நான்காவதிலே ஒரு நுட்பம் உண்டு. வந்தவரோடு பேசுவதற்குப் புதிய சொக்கெற் ஒன்று பிறக்கிறது. பழையது வாயிலிலேயே நின்று அடுத்தவரை எதிர்பார்க்கிறது. வைத்தியசாலை வாயிலில் நிற்பவர் நோயாளரை ஒவ்வோர் அறைக்கும் அனுப்பிவிட்டுத் தாம் வாயிலை விட்டு அகலாதிருத்தல் போன்றது இது. அழைப்பவனுக்கோ வேலை குறைவு. அவனும் ஒரு சொக்கெற்றைப் பெற்று, 'கனெக்ற்' என்னும் கட்டளையால் உரிய முகவரியையும் துறையையும் நாடினாற் போதும்.

எங்கள் கல்லூரி ஆய்வுகூடத்திலே முதல் நாளன்று அழைப்பவனின் செய்நிரலையே முதலில் இயக்கச் சொல்வேன். "இணைப்பு மறுக்கப்பட்டது" என்று திரை உடனே கூறும். வகுப்பிலே சிரிப்பு எழும். அதன்பின் காத்திருப்பவனை எழுப்பிவிட்டு மீண்டும் அழைத்தால் இணைப்புக் கைகூடும். அன்று அவர்கள் கற்றதை மறப்பதில்லை.

இரண்டாம் பாடம் அத்துணை எளிதாய் அமைவதில்லை. ஓராண்டு, ஒரே வாங்கில் அமர்ந்து படித்த நண்பர் இருவருக்கு ஒரு பயிற்சியைப் பகிர்ந்து கொடுத்தேன். ஒருவன் அனுப்பும் செய்நிரலை எழுதினான்; மற்றவன் பெறும் செய்நிரலை எழுதினான். அனுப்பப்பட்ட சொல் "வணக்கம்". திரையிலே தோன்றியதோ "வணக" என்னும் மூன்றெழுத்தும் அதன் பின்னே பொருளற்ற ஒரு குறியும். "இவன் அரைவாசிதான் அனுப்பினவன் சேர்" என்றான் ஒருவன். "நான் முழுவதும் அனுப்பினனான், இவன்தான் துலைச்சுப்போட்டான்" என்றான் மற்றவன். சொல் வளர்ந்து, மறுநாள் இருவரும் வெவ்வேறு வாங்குகளில் அமர்ந்தனர். ஒரு வாரம் அவர்களுக்கிடையே பேச்சில்லை. கணினிப் பாடம் கெட்டாலும் மறுபடி படிப்பிக்கலாம். ஆறாம் வகுப்பிலிருந்து வளர்ந்த நட்பு ஒரு சொல்லாற் கெடுவதைப் பார்த்துக்கொண்டிருக்க எனக்கு மனம் வரவில்லை.

யார் பக்கம் நியாயம் என்று நான் தீர்ப்புக் கூறவில்லை. ஒவ்வொரு கட்டளையும் திருப்பித் தரும் எண்ணைத் திரையிலே காட்டுமாறு இருவரிடமும் சொன்னேன். அனுப்பியவனுக்கு வந்த எண் 21. பெற்றவனுக்கு வந்த எண் 10. தமிழெழுத்துகளைக் கணினியிற் குறிக்கும் வழக்கமான முறையிலே "வணக்கம்" என்பதில் ஏழு குறியீடுகள் உள. புள்ளியும் தனிக் குறியீடாக எண்ணப்படும். ஒவ்வொன்றுக்கும் மூன்று பைற்றுகளாக மொத்தம் 21. பெற்றவன் வைத்திருந்த பாத்திரமோ பத்துப் பைற்றுகளே கொள்வது. மூன்று குறியீடுகளுக்கு ஒன்பது போக, மிஞ்சிய ஒரு பைற்று அடுத்து வந்த புள்ளியின் துண்டாய்ப் பொருளிழந்து நின்றது. எஞ்சிய பதினொன்றும் தொலைந்துவிடவில்லை. மறுமுறை வாசிக்கப்படுவதற்காக வாயிலிலேயே காத்திருந்தன.

பாத்திரத்தைப் பெரிதாக்கினாற் குறை தீரும் என்று எண்ணி, அவன் ஆயிரம் பைற்றுகள் கொள்ளும் ஒன்றை வைத்தான். "வணக்கம்" முழுமையாக வந்தது. உடனே "நலமா" என்றும் அனுப்பினார்கள். இரண்டும் ஒட்டிக்கொண்டு "வணக்கம்நலமா" என ஒன்றாய் வந்து சேர்ந்தன. அப்பொழுதுதான் உண்மை விளங்கிற்று. ரி.சி.பி. என்பது வாய்க்கால் போன்றது. ஊற்றிய நீர் முறைமாறாது செல்லும். எத்தனை குடம் ஊற்றப்பட்டது என்பதை வாய்க்கால் நினைவில் வைத்திராது. ஒரு செய்தி எங்கே முடிகிறது என்பதைப் பேசுவோரே முன்கூட்டி உடன்பட்டுக்கொள்ளல் வேண்டும். அவ்விருவரும் பொய் கூறவில்லை. உடன்பாடு இல்லாததே குறை.

பரிகாரம் சுருக்கமானது. செய்தியின் நீளத்தை நான்கு பைற்றுகளில் முதலில் அனுப்புக. பின்னர்ச் செய்தியை அனுப்புக. பெறுபவன் அந்நீளம் நிறையும்வரை மீண்டும் மீண்டும் வாசிக்க வேண்டும். இதிலும் ஓர் எச்சரிக்கை உண்டு. நம் மேசையிலுள்ள கணினிகளிற் பெரும்பாலானவை ஓர் எண்ணின் சிறிய பகுதியை முதலில் வைப்பவை. வலையமைப்பின் மரபோ பெரிய பகுதியை முதலில் வைப்பது. ஒருவன் மரபுப்படி அனுப்ப, மற்றவன் அதனை மாற்றாமல் வாசிப்பானாயின் 21 என்பது 352321536 ஆகிவிடும்! இதனைத் தவிர்க்கவென்றே சி மொழியிலே வரிசையை மாற்றும் கட்டளைகள் உள்ளன. நண்பர் இருவரும் இந்த உடன்பாட்டை ஒரே தாளில் எழுதி எடுத்தனர். எழுதுவதற்கு ஒரே வாங்கில் அமரவேண்டியிருந்தது.

இனி, அனுப்பியவனுக்குக் கிடைத்த 21 என்னும் எண்ணின் பொருளையும் ஆராய்தல் வேண்டும். 'சென்ட்' கட்டளை 21 என்று கூறினால், நண்பன் 21 பைற்றுகளையும் வாசித்துவிட்டான் என்பது பொருளன்று. நமது கணினியின் பணிசெயல் முறைமை அவற்றைத் தன் பொறுப்பில் ஏற்றுக்கொண்டது என்பதே பொருள். கடிதம் தபாற்பெட்டியில் விழுந்தது, அவ்வளவே. மறுகரைக் கணினி பெற்றதா என்பதை ரி.சி.பி. கவனித்துக்கொள்ளும், அங்குள்ள செய்நிரல் அதனைப் படித்ததா என்பதை அந்தச் செய்நிரலே மறுமொழி அனுப்பிச் சொன்னாலன்றி அறிய வழியில்லை. வாட்ஸ்அப்பிலே ஒரு சரிக்குறி வந்தால் செய்தி அனுப்பப்பட்டது என்றும், இரண்டு வந்தால் பிள்ளையின் தொலைபேசியை அடைந்தது என்றும், நீலமாக மாறினால் படிக்கப்பட்டது என்றும் நம் தாய்மார் நன்கு அறிவர். இம்மூன்றையும் பிரித்தறியும் அன்னையர்க்குச் சொக்கெற்றின் தத்துவத்தை நான் புதிதாகக் கூறவேண்டியதில்லை.

விடைபெறுதலுக்கும் முறையுண்டு. மறுபக்கத்தவன் பேச்சை முடித்துக்கொண்டால் 'ரிசீவ்' கட்டளை பூச்சியத்தைத் தரும். தவறு நேர்ந்தால் எதிர் ஒன்றைத் தரும். இவ்விரண்டையும் நோக்காத செய்நிரல், எதிரே ஆளில்லாதபோதும் பேசிக்கொண்டிருக்கும். பேசி முடித்த சொக்கெற்றை 'குளோஸ்' என்னும் கட்டளையால் மூடாவிடில், திறந்த வாயில்கள் பெருகும். லினக்ஸிலே ஒரு செய்நிரலுக்கு வழக்கமான எல்லை 1024. அதனை எட்டியபின் புதியவர் எவரையும் ஏற்க இயலாது. மூடிய பின்னும், முதலில் விடைபெற்றவர் பக்கத்திலே அந்த இணைப்பின் நினைவு லினக்ஸில் ஒரு நிமிடம் நிற்கும். "போட்டு வாறன்" என்று சொல்லிவிட்டு நம்மவர் படலையடியிற் சிறிது நிற்பதில்லையா? கடைசிச் சொல் சென்று சேர்ந்ததோ, பிந்திய செய்தி ஏதும் வருமோ என்பதற்காகவே கணினியும் அவ்வாறு நிற்கிறது. காத்திருப்பவனை நிறுத்தி உடனே மீண்டும் இயக்கும் மாணவன், "முகவரி ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது" என்னும் செய்தியைக் கண்டு மருள்வது இதனாலேயே.

இவற்றையெல்லாம் மறைத்து எளிதாக்கித் தரும் மொழிகள் இன்று பல உள. அவற்றைப் பயன்படுத்துவதிற் குற்றமில்லை. எனினும், ஒருமுறையேனும் சி மொழியிலே தன் கையால் வாயிலை அமைத்தவன், ஒவ்வொரு படியிலும் "இது கைகூடியதா?" என்று கேட்கப் பழகுகிறான். அப்பழக்கம் வகுப்பறைக்கு வெளியேயும் உதவும். நான் கரும்பலகையருகே நின்று சொன்னது பின்வாங்கில் இருப்பவனுக்குச் சேர்ந்ததா என்று வினவும் வழக்கம் எனக்கு வலுப்பட்டதும் இப்பாடத்தாலேயே.

மாணவச் செல்வங்களே, இதற்கு இணைய இணைப்பும் வேண்டா. லினக்ஸ் இயங்கும் பழைய கணினி ஒன்று போதும். 127.0.0.1 என்னும் முகவரி எந்தக் கணினியிலும் அதனையே குறிக்கும். இரு திரைகளைத் திறந்து, ஒன்றிலே காத்திருப்பவனை முதலில் எழுப்புங்கள். மற்றதிலிருந்து உங்கள் பெயரைத் தமிழில் அனுப்புங்கள். எத்தனை பைற்றுகள் சென்றன, எத்தனை வந்தன என்று இருபுறமும் எண்ணிப் பாருங்கள்.