தூங்க வைக்க முடியாத பொம்மை

திங்கள்

புதுப் பொம்மை ஒன்றைச் சோதித்துப் பார்ப்பவர்கள் அது என்னென்ன செய்கிறது என்றுதான் பார்க்கிறார்கள். பேசுகிறதா, கண் சிமிட்டுகிறதா, கொடுத்த விலைக்குத் தகுமா என்பதோடு சோதனை முடிந்துவிடுகிறது. 1998-இல் அமெரிக்காவில் டைகர் எலக்ட்ரானிக்ஸ் விற்பனைக்குக் கொண்டுவந்த ஃபர்பிக்கு அந்தச் சோதனை போதாது. ஆந்தை என்றும் சொல்ல முடியாமல் வெள்ளெலி என்றும் சொல்ல முடியாமல், இரு கைகளுக்குள் அடங்கும் அந்த ரோமப் பிராணியை எப்படி நிறுத்துவது என்றும் பார்த்தாக வேண்டும். அணைப்பதற்கு அதில் சுவிட்சே இல்லை. பேச்சுக்கொடுக்காமல், தொடாமல் விட்டால் சிறிது நேரத்தில் தானாகத் தூங்கும். தூக்கி அசைத்தால் விழித்துக்கொள்ளும். ஒரேயடியாக நிறுத்த வேண்டுமென்றால் அடிப்பக்கத்து மூடியைத் திறந்து நான்கு பேட்டரிகளையும் எடுக்க வேண்டும். ஐந்து வயதுக் குழந்தை செய்யக்கூடிய வேலையா அது? இந்தப் பொம்மையைப் பற்றி எனக்குள்ள ஒரே வழக்கு இந்தச் சுவிட்சு இல்லாததைப் பற்றியதுதான்.

வழக்கைச் சொல்வதற்கு முன் அந்த வேலைப்பாட்டைப் பாராட்டாமல் இருக்க முடியாது. உள்ளே இருப்பது ஒரே ஒரு மோட்டார். அது சுழற்றும் அச்சில் மேடும் பள்ளமுமாகச் செதுக்கிய சிறு சக்கரங்கள் வரிசையாக இருக்கின்றன. ஒன்றின் மேடு இமையைத் தூக்கும், இன்னொன்று காதை அசைக்கும், மற்றொன்று அலகைத் திறக்கும். மோட்டார் முன்னும் பின்னும் சுழன்று எந்த இடத்தில் நிற்கிறதோ அதற்கேற்ப முகபாவம் அமையும். வயிற்றைத் தொட்டாலும் முதுகைத் தடவினாலும் அதற்குத் தெரியும். நாக்கை அழுத்தினால் தீனி கிடைத்ததாக எடுத்துக்கொள்ளும். வெளிச்சம், ஓசை, உடல் சாய்வது என எல்லாவற்றையும் உணரும். இதை டேவ் ஹாம்ப்டனுடன் சேர்ந்து உருவாக்கிய கேலப் சங் ஒரு காலத்தில் மௌன நாடகக் கலைஞராக இருந்தவர். இமை அரைவாசி இறங்குவதற்கும் முழுதாக இறங்குவதற்கும் உள்ள வேறுபாட்டில் ஓர் உயிரையே காட்டிவிடலாம் என்று அறிந்த கை அது.

செவ்வாய்

ஃபர்பியின் மேல் வழக்கமாகச் சொல்லப்படும் குற்றம், அது பொய் சொல்கிறது என்பது. முதல் நாள் தன் சொந்த மொழியில் ‘கா மே-மே உ-நை’ என்று கொஞ்சும். உன்னை நேசிக்கிறேன் என்று பொருள். நாளாக ஆக ஆங்கிலச் சொற்கள் கூடிக்கொண்டே வரும். குழந்தை தன்னிடமிருந்துதான் அது கற்றுக்கொள்கிறது என்று நம்பும். உண்மையில் அந்தச் சொற்கள் எல்லாம் தொழிற்சாலையிலேயே சில்லில் பதிந்தவை. விளையாட விளையாட ஒவ்வொன்றாக வெளியே விடப்படுகின்றன. பெரியவர்களும் நம்பினார்கள். கேட்டதைப் பதிவுசெய்து எங்காவது ஒப்பித்துவிடும் என்று அஞ்சி, அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகமை ஃபர்பியைத் தன் வளாகத்துக்குள் கொண்டுவரக் கூடாது என்றது. 1999 ஜனவரியில் அது செய்தியாயிற்று. பதிவுசெய்யும் கருவி எதுவும் அதில் இல்லை.

இந்தப் பொய்யை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மரப்பாச்சிக்குக் காய்ச்சல் என்று சொல்லி நெற்றியில் ஈரத்துணி போடும் குழந்தையும் இல்லாத ஒன்றைத்தான் நம்புகிறது. பாவனை இல்லாமல் பொம்மை ஏது? ஆனால் அங்கே காய்ச்சல் எப்போது வர வேண்டும், எப்போது இறங்க வேண்டும் என்று முடிவுசெய்வது குழந்தை. சாப்பிடக் கூப்பிட்டால் மரப்பாச்சியை அப்படியே போட்டுவிட்டு ஓடலாம், அது முனகாது. ஃபர்பியிடம் பசியும் தூக்கமும் பயமும் பொம்மையின் பக்கம் போய்விட்டன. அது கேட்கும், குழந்தை கொடுக்க வேண்டும். பாவனையின் கடிவாளம் கை மாறிவிட்டது.

வியாழன்

கடிவாளம் இப்படிக் கை மாறியதற்கு ஆதாரம் மசாசூசெட்சில் உள்ள எம்.ஐ.டி.யிலிருந்து கிடைக்கிறது. பார்பி பொம்மை, ஃபர்பி, உயிருள்ள ஜெர்பில் எலி மூன்றையும் தலைகீழாக எவ்வளவு நேரம் பிடித்திருக்க மனம் இடம் கொடுக்கும் என்று கேட்டார் அங்கிருந்த ஃப்ரீடம் பெய்ர்ட். பார்பியைக் கை வலிக்கும்வரை பிடிக்கலாம். எலியை உடனே நிமிர்த்திவிடுவோம். ஃபர்பி நடுவில் நின்றது, அதுவும் எலிக்குப் பக்கத்தில். கவிழ்த்தால் ‘பயமாயிருக்கிறது’ என்று அது அலறும். வெறும் சாய்வு உணரியின் வேலை என்று தெரிந்தவர்களின் கையும் சற்று நேரத்தில் அதைத் திருப்பிவிடுகிறது. அறிந்த பெரியவர்களுக்கே இப்படியென்றால், ‘குழந்தைகளுக்கு இது இயந்திரம் என்று தெரியும், கவலை வேண்டாம்’ என்ற சமாதானம் நிற்காது. தெரிந்திருப்பது கையைத் தடுப்பதில்லை.

இரக்கம் வளர்வது நல்லதுதானே, நாய்க்குட்டியையும் சுவிட்சு போட்டு அணைக்க முடியாதே என்பார்கள். வலுவான மறுப்பு இது; நானும் இதில் தயங்கி நின்றேன். ஆனால் நாய்க்குட்டியின் பசி நாய்க்குட்டியுடையது. சோறு வைத்தால் அது அடங்கும், வாலாட்டும், வெயிலில் போய்ப் படுத்துக்கொள்ளும். குழந்தை தன் விளையாட்டை விட்டு எழுந்து போனதால் ஓர் உயிருக்கு உண்மையாகவே ஏதோ கிடைத்தது. ஃபர்பி பசி என்று கேட்கும்போது அங்கே பசித்தவர் எவருமில்லை. குழந்தையின் இரக்கம் மட்டும் செலவாகிறது. 1996-இல் ஜப்பானில் பண்டாய் வெளியிட்ட தமகோச்சியும் இதைத்தான் செய்தது: கவனிக்காவிட்டால் திரையில் செத்துப்போகும். பள்ளிக்கூட நேரத்திலும் அது சாகும் என்பதால் குழந்தைகள் அதை வகுப்புக்குக் கொண்டுபோனார்கள். பள்ளிகள் தடை போட்டன. அந்தக் குழந்தைகளைப் பொறுப்பற்றவர்கள் என்று எப்படிச் சொல்வது? அவர்கள் பொறுப்பாக இருந்ததால்தான் மாட்டிக்கொண்டார்கள்.

ஞாயிறு

சுவிட்சு வைத்தால் மாயம் கெட்டுவிடும் என்பது கடைசி மறுப்பு. முதுகில் ‘அணை’ என்று எழுதிய பொத்தானை அழுத்தினால் பிராணி பிளாஸ்டிக்காகிவிடும், உண்மைதான். அதற்கு விடையைத் தயாரித்தவர்களே பின்னாளில் கண்டுபிடித்தார்கள். டைகரை வாங்கிய ஹாஸ்ப்ரோ 2016-இல் வெளியிட்ட ஃபர்பி கனெக்டோடு கண்ணை மூடும் ஒரு சிறு உறக்கப் பட்டையும் வந்தது. அதைக் கண்களின் மேல் இழுத்துவிட்டால் பொம்மை தூங்கிவிடும். பொத்தான் இல்லை, திருப்புளி இல்லை. தொட்டிலில் போர்வையை இழுத்துவிடுவதுபோல, குழந்தையின் கையே அதைத் தூங்க வைக்கிறது.