நம்ம ஊர்க் கோப்பை

மர்பி டவுனில் பிறந்து வளர்ந்தவர்களுக்குக் கால்பந்தாட்டத்தைப் பற்றிப் பேசக் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை; பேச்சை நிறுத்தத்தான் கற்றுக்கொடுக்க வேண்டும். ஆயினும், எங்கள் தெருப் பெரியவர் ஒருவரின் கதையை எழுதித் தருமாறு சங்கத்து அன்பர்கள் கேட்டபோதெல்லாம் நாங்கள் தட்டிக்கழித்தே வந்தோம். அது அவருடைய சொத்து. எடுத்துக் கையாள எங்களுக்கு உரிமை இல்லை என்ற தயக்கந்தான். சென்ற மாதம் அவரே இணங்கிவிட்டார். "என் பேர் வேணாம். பந்தைப் பத்தி எழுதுங்க" என்றார். ஆகவே இக்கட்டுரையில் அவர் மாமா என்றே வருவார். தெருவில் எல்லோருக்கும் அவர் மாமாதான்.

2018ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 17ஆம் நாள், சனிக்கிழமை. இந்தியன் சூப்பர் லீக் இறுதியாட்டம் நம் கண்டீரவா மைதானத்தில் நடைபெறுவதாக இருந்தது. லீக் சுற்றில் 40 புள்ளிகள் பெற்று முதலிடத்தில் நின்ற பெங்களூரு அணி ஒரு பக்கம். எதிர்ப்பக்கம் சென்னையின் எப்.சி. அணி. இதில் என்ன சங்கடம் என்று மற்ற ஊரார் கேட்கக்கூடும். எங்கள் பாட்டனார் வட ஆர்க்காட்டிலிருந்து மூட்டையும் முடிச்சுமாக வந்து இறங்கியது இந்த ஊரில்தான். நாக்ஸ்பேட்டை என்ற பழைய பெயரைப் பெரியவர்கள் வாயில் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். பிறந்தது, படித்தது, பெண் எடுத்தது எல்லாம் இங்கேயே. ஆனால் அடுப்படியில் பேசுவது தமிழ்; கனவு காண்பதும் தமிழில். இந்நிலையில் சென்னை இங்கே வந்து ஆடுகிறது என்றால், யாருக்காகக் கைதட்டுவது?

வீடு இரண்டாகப் பிளந்தது. வியாசர்பாடியில் பந்து உதைத்து வளர்ந்த தனபால் கணேஷ் சென்னை அணியில் இருக்கிறார், நம் பிள்ளை ஆடும்போது நாம் எதிர்க்கட்சியில் உட்காருவதா என்பது தம்பியின் வாதம். தண்ணீர் குடிக்கும் ஊரைவிட்டுக்கொடுப்பவன் மனிதனா என்பது அண்ணனின் வாதம். தண்ணீர் என்ற சொல்லைக் கேட்டதும் அம்மா அடுக்களையிலிருந்து வெளியே வந்துவிட்டார்கள்.

அதற்குக் காரணம் உண்டு. காவிரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் இறுதித் தீர்ப்பு அவ்வாண்டு பிப்ரவரி 16ஆம் நாள்தான் வந்திருந்தது. சரியாக ஒரு மாதம். அதற்கு முன் 2016 செப்டம்பர் 12ஆம் நாள் இந்நகரில் தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட பேருந்துகளும் லாரிகளும் எரிந்ததை அம்மா மறக்கவில்லை. அன்று எங்களில் ரயில்வேயில் எழுத்து வேலை பார்ப்பவர் வீடு திரும்ப இரவு வெகுநேரமாகிவிட்டது. அதுவரையில் அம்மா வாசற்படியைவிட்டு எழுந்திருக்கவில்லை. இத்தனைக்கும் எங்கள் தெருவில் கன்னடம் பேசுவோர், தெலுங்கு பேசுவோர், உருது பேசுவோர் எல்லோரும் ஒருவர் வீட்டுக் கலியாணத்துக்கு ஒருவர் வாழைமரம் கட்டுகிறவர்கள். பயம் தெருவைப் பற்றியதன்று; தெருமுனைக்கு அப்பால் உள்ளதைப் பற்றியது.

"போறதுன்னா போங்க. அங்க போய்த் தமிழ்ல மட்டும் கத்தாதீங்க" என்றார்கள் அம்மா.

ஒரு வசதி இருந்தது. இரண்டு அணிக்கும் நீலந்தான் நிறம். நீலச் சட்டை போட்டுக்கொண்டு போனால் எவன் எந்தக் கட்சி என்று எவருக்கும் தெரியாது. இப்படிப்பட்ட யோசனைகள் வருவதே மனத்துக்குச் சிறுமையாக இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மாமாவிடம் நியாயம் கேட்கப் போனோம். அவர் தீர்ப்புச் சொல்லவில்லை; பழைய கதையைச் சொன்னார். நாங்கள் அதற்கு முன் பலமுறை கேட்ட கதைதான்.

சந்தோஷ் கோப்பையை மைசூர் மாநிலம் 1967-68இல் கட்டக் நகரில் வென்றது. அடுத்த ஆண்டு, 1968-69இல், பெங்களூரிலேயே நடந்த இறுதியாட்டத்தில் வங்காளத்தை 1-0 என்று வீழ்த்தி மீண்டும் வென்றது. அப்போது மாமாவுக்குப் பன்னிரண்டு வயது. எங்கள் தெருவில் ஒரு லீக் ஆட்டக்காரர் இருந்தார், தமிழ்க் குடும்பம். மாநில அணியின் வாசல்வரை சென்றவர். அவ்வாண்டு உள்ளே இடம் கிடைக்கவில்லை. அவருடைய பூட்சுகளைத் துடைத்துத் தோளில் மாட்டிக்கொண்டு அவர் பின்னால் நடப்பதுதான் மாமாவின் அக்காலத்து உத்தியோகம். கோப்பை வென்ற மாலை அந்த ஆட்டக்காரர் தெருப் பிள்ளைகளைக் கூட்டிவைத்துக்கொண்டு, "அடுத்த வருஷம் நான் ஆடுவேன். கப்பு நம்ம ஊரைவிட்டுப் போகாது. இது என் வாக்கு" என்றாராம்.

அடுத்த ஆண்டு கோப்பையை வங்காளம் கொண்டுபோயிற்று. அவருக்கு அணியில் இடமும் கிடைக்கவில்லை. பயிற்சியில் முழங்கால் பிசகியது. பிறகு ஆலை வேலை, குடும்பம் என்று காலம் போயிற்று. 1973இல் மைசூர் மாநிலம் கர்நாடகமாகப் பெயர் மாறியது. கோப்பை மட்டும் வரவில்லை. தெருவில் மாமாவைப் பார்த்தால் அவர் தலையைக் குனிந்துகொள்வாராம். மாமாவோ அவர் இறக்கும்வரையில் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. "கேட்டிருக்கணும்டா. சிரிச்சிக்கிட்டே கேட்டிருந்தா அவருக்குப் பாரம் கொறைஞ்சிருக்கும்" என்று பிற்காலத்தில் சொல்லுவார்.

அன்று கதையை முடித்துவிட்டு மாமா கேட்டது இதுதான்: "அவரு நம்ம ஊருன்னு சொன்னாரே, எந்த ஊரை? ஆர்க்காட்டையா?"

எங்களிடம் பதில் இல்லை. மாமாவையும் அழைத்துக்கொண்டு புறப்பட்டோம். அல்சூரில் மெட்ரோ ஏறிக் கப்பன் பார்க்கில் இறங்கியபோது பெட்டி முழுதும் நீலம்.

இங்கே சிறிது விலகிச் சொல்ல வேண்டும். இவ்வூர்க் கால்பந்து நேற்று முளைத்ததன்று. 1948 ஜூலை 31ஆம் நாள், இலண்டன் ஒலிம்பிக்கில் பிரான்சுக்கு எதிராக இந்தியா 1-2 என்று தோற்றபோது, சுதந்திர இந்தியாவின் முதல் கோலைப் போட்டவர் பெங்களூர் சாரங்கபாணி ராமன். நம்மவரில் பெரும்பாலோர் வெறுங்காலுடன் ஆடிய ஆட்டம் அது. கிடைத்த இரண்டு பெனால்டிகளும் வீணாயின. எங்களுக்கு அடுத்த கௌதமபுரத்தில் அம்பேத்கர் சிலையும் உண்டு, பிரேசில் நாட்டுப் பெலேயின் சிலையும் உண்டு. ரயில்வேக்காரர் சார்பிலும் ஒரு வரி: ரயில்வே அணி சந்தோஷ் கோப்பையை 1960களில் மூன்று முறை வென்றிருக்கிறது. இதை எழுதாவிட்டால் அலுவலகத்தில் தலைகாட்ட முடியாது.

ஆட்டத்துக்கு வருவோம். 9ஆம் நிமிடத்தில் உதாந்தா சிங் வலப்பக்கத்திலிருந்து அனுப்பிய பந்தைப் பாய்ந்து விழுந்து தலையால் முட்டிக் கோலாக்கினார் சுனில் சேத்ரி. நாங்கள் அனைவரும் துள்ளி எழுந்தோம். அதிசயம் என்னவென்றால், சென்னைக் கட்சிக்காரரான தம்பியும் எழுந்துவிட்டார்! கால் தானாக எழுந்தது என்று பின்னால் சொன்னார்.

சேத்ரியும் இவ்வூரில் பிறந்தவரல்லர். செகந்திராபாத்தில் பிறந்தவர், இராணுவக் குடும்பம், நேபாள வழி. தில்லி, கல்கத்தா என்று ஆடித் திரிந்து 2013இல், இவ்வணி தொடங்கிய ஆண்டில் இங்கு வந்தார். அவரை இவ்வூர் எடுத்துக்கொண்ட விதத்தைக் கண்டீரவா மைதானத்தில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கே தெரியும்.

17ஆம் நிமிடத்தில் கார்னர் உதையிலிருந்து மெயில்சன் ஆல்வெஸ் தலையால் முட்டிச் சென்னைக்குச் சமன் செய்தார். தம்பி வாயைக் கையால் பொத்திக்கொண்டார். மகிழ்ச்சியில் பொத்திக்கொண்டாரா, அம்மாவின் சொல்லை நினைத்துப் பொத்திக்கொண்டாரா தெரியாது. மாமா அவர் முதுகில் ஓர் அடி போட்டு, "கத்துடா! காசு குடுத்துத்தானே வந்திருக்கே" என்றார். தம்பி கத்தினார். தமிழில்தான். முன்வரிசையில் முகத்தில் நீலம் பூசியிருந்த இளைஞர் ஒருவர் திரும்பிப் பார்த்தார். எங்களுக்கு நெஞ்சு ஒரு கணம் நின்றுவிட்டது.

"சென்னையா?" என்றார் அவர்.

"இல்ல. மர்பி டவுன்" என்றார் தம்பி.

இல்ல என்ற சொல் கன்னடத்திலும் அதுவே. அந்த இளைஞர் ஒரு கணம் விழித்துவிட்டு, வாய்விட்டுச் சிரித்தார். மர்பி டவுன்காரன் அவர்களுக்கு எதற்குக் கத்துகிறான் என்று பக்கத்தில் இருந்தவரிடம் கன்னடத்தில் நியாயம் கேட்டார். பிறகு தம் கையில் இருந்த சோளப்பொரியை எங்கள் பக்கம் நீட்டினார். அவ்வளவுதான் நடந்தது. இதற்கா இரவெல்லாம் யோசித்தோம் என்று வெட்கமாயிருந்தது. ஆனால் அம்மாவின் பயம் பொய் என்றும் நாங்கள் சொல்லமாட்டோம். அன்று பின்னிருக்கையில் வேறொருவர் இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று யாருக்குத் தெரியும்?

இடைவேளைக்குச் சற்று முன், 45ஆம் நிமிடத்தில், அதே ஆல்வெஸ் அதே மாதிரி இன்னொரு கோல். 67ஆம் நிமிடத்தில் ரபேல் அகுஸ்டோ மூன்றாவது. மூன்றாவது கோலுக்குத் தம்பி எழுந்திருக்கவில்லை. ஏனென்று நாங்கள் கேட்கவும் இல்லை. சுற்றிலும் சிறிது நேரம் மௌனம். பிறகு எங்கிருந்தோ ஒரு மூலையில் "நம்ம ஊரு பெங்களூரு" என்று கன்னடக் குரல்கள் எழுந்தன. நம்ம ஊரு என்பதும் இரண்டு மொழியிலும் ஒன்றே. மாமா எழுந்து நின்று அவர்களோடு சேர்ந்து கத்தினார். அவர் எந்த மொழியில் கத்தினார் என்று பிரித்துச் சொல்ல எங்களால் இயலவில்லை. கடைசி நேரத்தில் மிக்கு ஒன்று போட்டார். 3-2 என்று சென்னை வென்று கோப்பையை எடுத்துச் சென்றது.

அவ்வாண்டு ஜூன் மாதம் சேத்ரி ஒரு வாக்குக் கொடுத்தார். ஜூன் 1ஆம் நாள் மும்பையில் சீன தைபேயை இந்தியா 5-0 என்று வென்ற ஆட்டத்தில் அவர் மூன்று கோல் அடித்தும், பார்க்க வந்தவர் மூவாயிரம் பேர்கூட இல்லை. மறுநாள் அவர் கைபேசிப் படமொன்றில் தோன்றி, எங்களை ஏசுவதானாலும் மைதானத்துக்கு வந்து நேரில் ஏசுங்கள், ஐரோப்பிய அணிகளின் தரம் எங்களிடம் இல்லாமற் போகலாம், ஆனால் உங்கள் பொழுதை வீணாக்கமாட்டோம் என்ற கருத்துப்பட வேண்டிக்கொண்டார். ஜூன் 4ஆம் நாள் மழையில் மைதானம் நிறைந்தது. அவருடைய 100ஆவது பன்னாட்டு ஆட்டம் அது. கென்யாவை 3-0 என்று வென்றார்கள்; இரண்டு கோல் அவருடையவை.

அந்தப் படத்தை மாமாவுக்குக் காட்டினோம். இருமுறை போடச் சொன்னார். "இவன் கெட்டிக்காரன். ஜெயிப்பேன்னு சொல்லலை பாரு. பொழுது வீணாகாதுன்னு சொல்றான். அது அவன் கையில இருக்கு. எங்க அண்ணனுக்கு அது தெரியலை" என்றார்.

2019 மார்ச்சு 17ஆம் நாள், சரியாக ஓராண்டு கழித்து, மும்பையில் கோவா அணியை 1-0 என்று வென்று பெங்களூரு சூப்பர் லீக் கோப்பையைப் பெற்றது. கூடுதல் நேரத்தில் ராகுல் பேக்கே தலையால் முட்டிய கோல். நாங்கள் பட்டாசு வெடித்தோம். மாமா இனிப்பை வாங்கிக்கொண்டு, "சந்தோஷம். ஆனா இது அந்தக் கப்பு இல்லை" என்றார்.

அந்தக் கப்பு 2023இல் வந்தது. மார்ச்சு 4ஆம் நாள். சந்தோஷ் கோப்பையின் அரையிறுதியும் இறுதியும் முதல் முறையாக வெளிநாட்டில், சவூதி அரேபியாவின் ரியாத் நகரில் நடந்தன. கர்நாடகமும் மேகாலயாவும் மோதின. அதற்குள் சர்க்கரை நோயால் மாமாவின் கண்பார்வை மங்கிவிட்டது. கைபேசியை நடுவில் வைத்து, பந்து யார் காலில் இருக்கிறது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தோம். எங்கே ஆடுகிறார்கள் என்று கேட்டார், சொன்னோம். "அங்கேயும் நம்ம ஜனங்க வேலைக்குப் போனவங்க இருப்பாங்க. பாக்க வந்திருப்பாங்க" என்றார். 3-2 என்று கர்நாடகம் வென்றது. 54 ஆண்டுகளுக்குப் பின்! நாங்கள் குதித்தோம்; தம்பி அழுதுவிட்டார். மாமா மட்டும் ஒன்றும் பேசவில்லை. காலையில் தம்மை ஓரிடத்துக்கு அழைத்துப்போக வேண்டும் என்று மாத்திரம் சொன்னார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அந்த ஆட்டக்காரர் இருந்த வீட்டுக்குப் போகச் சொன்னார். அவர் இறந்து ஆண்டுகள் பல ஆகிவிட்டன. பிள்ளைகள் வீட்டை விற்றுவிட்டு ஒசூர்ப் பக்கம் போய்விட்டார்கள். ஓட்டு வீடு இருந்த இடத்தில் இப்போது மூன்று மாடிக் கட்டடம். இதையெல்லாம் எடுத்துச் சொன்னோம். "தெரியும். கூட்டிக்கிட்டுப் போங்க" என்றார்.

கீழ்த்தளத்தின் கதவைத் தட்டினோம். பல் துலக்கிக்கொண்டே ஓர் இளைஞர் திறந்தார். ஒடிசாவிலிருந்து கட்டட வேலைக்கு வந்தவராம். தமிழும் தெரியாது, கன்னடமும் தெரியாது. ஒடிசா என்று கேட்டதும் மாமாவின் முகம் மலர்ந்துவிட்டது. "கட்டக்! கட்டக்! ஒன்னு சைபர்!" என்று விரலை நீட்டிக் காட்டினார். தம் ஊரைத்தான் கேட்கிறார் என்று நினைத்த அந்த இளைஞர், கட்டக் இல்லை, பாலாசோர் என்று பணிவாகத் திருத்தினார். உள்ளே போய் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார்.

மாமா உட்காரவில்லை. புதுக் கட்டடத்தின் வாசற்காலைக் கையால் தடவிப் பார்த்தார். பிறகு அதனிடமே பேசுவதுபோல, "அண்ணா, கப்பு வந்துடுச்சு" என்றார். எங்கள் தோளைப் பற்றிக்கொண்டு, படி எத்தனை என்று கேட்டு, ஒவ்வொன்றாக இறங்கினார்.