சுங்கானுக்கு ஒரு சக்கரம்

திருவொற்றியூரில் குடியிருப்பவனுக்குச் சாணைச் சக்கரத்தைப் பற்றி எவரும் புதிதாக உபதேசிக்க வேண்டியதில்லை. 1954ஆம் ஆண்டில் முருகப்பா குழுமத்தார், அமெரிக்கக் கார்போரண்டம் கம்பெனியோடும் இங்கிலாந்தின் யுனிவர்சல் கிரைண்டிங் வீல் கம்பெனியோடும் கூட்டுச் சேர்ந்து கார்போரண்டம் யுனிவர்சல் ஸ்தாபனத்தைத் தொடங்கிய காலம் முதலாக, இரும்பைத் தேய்க்கும் கல்லும் மரத்தைத் தேய்க்கும் உப்புத்தாளும் இவ்வூரின் பெயரோடு ஒட்டிக்கொண்டுவிட்டன. அத்தகைய ஊரில், பழைய மாவு கிரைண்டரின் மோட்டாரையும் அறுந்துபோன ரப்பர் செருப்பையும் வைத்துக்கொண்டு நான் சொந்தமாக ஒரு தேய்ப்புச் சக்கரம் செய்யப் புறப்பட்டது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற காரியம்தான் என்று நண்பர்கள் பரிகசித்தார்கள். பரிகாசத்தில் நியாயம் இருந்தது. ஆனால் எனக்கு வேண்டிய சக்கரம் கடையில் இருக்கவில்லை.

சரக்குக் கப்பலில் எஞ்சினியராக இருக்கும் என் மருமகன், இத்தாலியத் துறைமுகம் ஒன்றிலிருந்து சில பிரையர் மரக்கட்டைகளைக் கொண்டுவந்து கொடுத்ததுதான் எல்லாவற்றுக்கும் ஆதி காரணம். புகைப்பதை நான் விட்டு வெகுகாலம் ஆகிறது. சுங்கானின் உருவத்தின்மீதுள்ள மோகம் மட்டும் வைத்தியர் சொல்லியும் விடவில்லை. பிரையர் என்பது மத்தியதரைக்கடல் ஓரங்களில் வளரும் ஒரு புதர்ச்செடியின் வேரடியில் திரளும் முண்டு. அதைப் பல மணி நேரம் வெந்நீரில் வேகவைத்து, மாதக்கணக்கில் நிழலில் மெல்ல உலர்த்துகிறார்கள்; அவ்வளவு பக்குவப்பட்ட பின்னரே அது தன் வயிற்றில் நெருப்பை வைத்துக்கொண்டு வெடிக்காமல் இருக்கும் யோக்கியதையை அடைகிறது. பிரான்சு தேசத்து செயின்ட் கிளாட் என்னும் மலையூர் இந்த ஒரு கட்டையை நம்பியே கீர்த்தி பெற்றது.

சுங்கானின் கிண்ணத்தைக் கடைசல் இயந்திரம் உருட்டிக் கொடுத்துவிடும், தண்டையும் கொடுத்துவிடும். கிண்ணமும் தண்டும் சந்திக்கிற அந்த வளைவில்தான் உளி நுழையாது, அரம் சலிக்கும். கல் சக்கரமோ இதற்கு உதவாது. சூளையில் வெந்து இறுகிய அந்தக் கல்லின் நுண்துளைகளில் மரத்தூள் அடைந்துகொள்ள, கல் பளபளப்பேறி வெட்டும் திறனை இழந்து, மரத்தைக் கருக்கத் தொடங்கும். குருந்தக்கல் பொடியை அரக்கில் குழைத்து நம் முன்னோர் செய்த சாணையும் உலோகத்துக்கும் ரத்தினத்துக்கும் உரியதே. வளைந்த மரத்துக்குத் தேவைப்படுவது முகத்தில் கூர்மையும் முதுகில் இளக்கமும் உடைய சக்கரம்.

ஆகவே காயலான் கடையில் அரைக் குதிரைசக்தி மோட்டார் ஒன்று வாங்கினேன். அதன் ஷாஃப்டுக்குப் பொருந்தும் இரும்புப் பிளான்ஜை நெடுஞ்சாலைக் கடைசல் பட்டறைக்காரர் முகம் கோணாமல் கடைந்து கொடுத்தார். என்ன காரியத்துக்கு என்று கேட்டுவிட்டு, பதிலைக் கேட்டபின் கூலியைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டார் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். பிளான்ஜின்மேல் 6 அங்குல ஒட்டுப்பலகை வட்டம். அதன்மேல் செருப்பின் அடித்தகட்டிலிருந்து வெட்டிய ரப்பர் மெத்தை. அதன்மேல் செருப்புத் தைப்பவர் உபயோகிக்கும் பசையால் ஒட்டிய எமரித்துணி. பலகையையும் மெத்தையையும்விடத் துணி விளிம்பில் சிறிது நீண்டிருக்க வேண்டும் என்பதே இதிலுள்ள சூட்சுமம். உளி எட்டாத வளைவில் அந்த நீட்டம் மடிந்து நுழைந்து, நகத்தால் வழிப்பதுபோல் அல்லாமல் விரல் நுனியால் தடவுவதுபோல் மரத்தை எடுக்கிறது.

மோட்டார் நிமிடத்துக்கு 1,440 சுற்றுச் சுற்றுகையில், விளிம்பு அதே நிமிடத்தில் ஏறக்குறைய 2,260 அடி தூரம் ஓடுகிறது. நட்டநடுவிலோ ஓட்டமே இல்லை. எனவே விளிம்பு மரத்தை வெட்டும். உள்ளே போகப் போகத் தடவும். ஒரே சக்கரத்தில் பல வேகங்கள் கையிருப்பாக இருக்கின்றன. சக்கரம் கீழ்நோக்கி இறங்கும் பக்கத்தில்தான் கட்டையைப் பிடிக்க வேண்டும். ஏறும் பக்கத்தில் பிடித்தால் கட்டை முகத்தை நோக்கிப் பாயும். 80ஆம் எண் எமரியில் தொடங்கி, 120, 220 என்று ஏறி, அதற்குமேல் கையால் தேய்ப்பதே உத்தமம். மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ளாமல் இந்த வேலையில் இறங்குவது புகையிலையைவிடப் பொல்லாதது என்பது என் அபிப்பிராயம்.

வாய்த்தண்டுக்கு எபொனைட் வேண்டும். ராஜமகேந்திரவரத்து ரத்னம் பேனாவின் உடலும் இதே பொருள்தான் என்பதால், பேனாக் கடைசல்காரர்களிடம் அதன் தண்டு அகப்படுகிறது. ரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கிச் செய்யப்படுவதாகையால், சக்கரத்தில் பட்டவுடன் உள்ளடங்கியிருந்த கந்தக நெடி கிளம்பி, ஆலைக் காற்றுக்குப் பழகிய எங்கள் தெருவாரையே ஜன்னலைச் சாத்தச் செய்கிறது.

சக்கரம் சுழலும் சத்தம் கேட்டு, எதிர்வீட்டு அம்மாள் ஒரு நாள் அரிவாள்மணையோடு வந்து நின்றார்கள். "அம்மா, இது விட்டுக்கொடுக்கிற சக்கரம், இதில் தீட்டினால் இருக்கிற கூரும் மழுங்கிப்போகும்" என்றேன். "விட்டுக்கொடுக்கிற சக்கரத்துக்கா இவ்வளவு சத்தம்?" என்று கேட்டுவிட்டு, சைக்கிளில் வரும் சாணைக்காரர் கண்ணில் பட்டால் தமக்குக் குரல் கொடுக்கும்படி சொல்லிப் போனார்கள்.