துறட்டியும் காது மிஷினும்

போன வருஷம் எனக்கு 76 முடிந்தது. காதுக்கு மிஷின் வந்ததும் அப்போதுதான். வயதானால் முதலில் கைவிட்டுப் போவது உயர்ந்த ஓசைகள்தான் என்று டாக்டர் சொன்னார். கொலுசுச் சத்தம், குருவிச் சத்தம், வயலினின் மேல் ஸ்தாயி எல்லாம் ஒவ்வொன்றாய்த் தேய்ந்துவிடுமாம். தாழ்ந்த ஓசைகள் மட்டும் நெடுநாள் கூட இருக்குமாம். இடி, தவில், கரும்பு லாரி. அண்ணாகிராமத்தில் குடியிருக்கிறவனுக்குக் கரும்பு லாரி கேட்காமல் போனால்தான் கவலை. நெல்லிக்குப்பம் ஆலை அரைக்கிற மாதங்களில் ராத்திரி முழுக்க எங்களுக்கு அதுதான் தாலாட்டு.

மிஷின் வந்த ஒரு வாரத்தில் அதைக் கழற்றி வைக்கவும் காரணம் கிடைத்தது. பேரன் சென்னை வேலையை வீட்டிலிருந்தே பார்க்கிறேன் என்று எங்களோடு தங்க வந்தான். கூடவே ஒரு கிட்டார், ஒரு கம்ப்யூட்டர், ஒரு மைக். மாடி அறையில் அவன் வாய் திறந்த முதல் நாள், அடுப்படியில் இருந்த அவன் ஆயா பாலைப் பொங்கவிட்டு ஓடிவந்தாள். பையனுக்கு வலிப்பு என்று நினைத்துவிட்டாள்.

"என்னடா இது?"

"டெத் மெட்டல், தாத்தா. அதுலயும் ப்ரோக்ரெசிவ்."

"சாவு மேளமா?"

சிரித்தான். நான் காது மிஷினைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். நாலு மாதம் அப்படித்தான் போனது. பிறகு ஒருநாள் மாடியிலிருந்து இறங்கி வந்து, நான் கொஞ்சமும் எதிர்பாராத ஒன்றைக் கேட்டான்.

"தாத்தா, உங்ககிட்ட வில்லிபாரதம் இருக்கா?"

முப்பத்துமூன்று வருஷம் தமிழாசிரியனாக இருந்தவன் நான். அந்தப் புத்தகத்தை வீட்டில் யாரும் கேட்டதில்லை. எடுத்துக் கொடுத்தேன். எதற்கு என்று கேட்டபோது சொன்னான்: அவனும் மூன்று நண்பர்களும் சேர்ந்து ஒரு முழு ஆல்பம் செய்யப்போகிறார்கள். முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை ஒரே கதை. அந்தக் கதை பாரதம்.

எனக்கு முதலில் வந்தது கோபம். அந்தக் கோபத்தைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

வில்லிபுத்தூரார் எங்கள் பக்கத்துக்காரர். திருமுனைப்பாடி நாட்டுச் சனியூரில் பிறந்தவர் என்பார்கள். திருவதிகையும் திருவாமூரும் அடங்கிய நாடு அது. பதினெட்டுப் பருவப் பாரதத்தைப் பத்துப் பருவமாக, 4,300 பாட்டுக்கு மேல் பாடியவர். போர் வருகிற இடங்களில் அவர் சந்தம் தவில் போல இறங்கும். பொருள் தெரியாதவனுக்கும் முதுகு நிமிரும். அவரைப் பற்றி ஒரு செவிவழிக் கதை உண்டு. புலவர்களை வாதுக்கு அழைத்து, எதிரில் உட்கார்ந்தவர் காதில் துறட்டியை மாட்டிவிடுவாராம். பாட்டில் பிழை வந்தால் ஒரே இழுப்பு, காது போய்விடும். அருணகிரிநாதரோடு மோதியபோது, அவர் தகர வரிசை எழுத்துகளை மட்டும் வைத்தே ஒரு பாட்டுப் பாட, உரை சொல்ல முடியாமல் வில்லியார் திகைத்தாராம். காதறுக்கும் உரிமை அருணகிரியார் கைக்கு வந்துவிட்டது. அவர் அறுக்கவில்லை. உரையைத் தாமே சொல்லிவிட்டு, இனி யாருக்கும் இதைச் செய்யாதீர் என்று துறட்டியை வாங்கிப் போட்டாராம். கருணைக்கு அருணகிரி என்ற சொல் அதிலிருந்து வந்தது என்பார்கள்.

இந்தக் கதையை வகுப்பில் நூறு தடவை சொல்லியிருக்கிறேன். சொன்ன என் கையில் ஒரு துறட்டி இருந்தது எனக்குத் தெரியவில்லை.

பல வருஷங்களுக்கு முன் ஒரு மாணவன். கூத்தாடுகிற குடும்பம். ஆண்டுவிழாவில் துரியோதனன் வேஷம் கட்டுகிறேன் சார் என்று வந்து நின்றான். பாடிக்காட்டச் சொன்னேன். வில்லியின் அடிகளும் கூத்து வாத்தியார்களின் அடிகளும் கலந்து வந்தன. ஒரு சீர் தளை தட்டியது. தொண்டை நரம்பு புடைக்கக் கத்தினான். "இது தமிழா, கத்தலா?" என்று வகுப்புக்கு முன்னால் கேட்டேன். பிள்ளைகள் சிரித்தார்கள். அவன் அப்புறம் என்னிடம் எதுவும் பாடிக்காட்டவில்லை. நான் இழுத்த காது அது.

பேரன் புத்தகத்தோடு நின்றபோது அதே கேள்விதான் நாக்கு நுனிவரை வந்தது. எப்படியோ விழுங்கிக்கொண்டு, "உட்கார். நீ செய்வதை முதலில் எனக்குப் புரியவை" என்றேன்.

அவன் சொன்னது இவ்வளவு. 1980களில் அமெரிக்காவின் ஃப்ளோரிடா பக்கம் வேர்விட்ட இசை இது. சக் ஷுல்டினர் என்ற இளைஞர் நடத்திய குழுவின் பெயரே 'டெத்'. முதல் ஆல்பம் 1987இல் வந்தது. தொடக்கத்தில் பிணமும் ரத்தமுமாய் எழுதியவர், போகப்போக மனித மனம், நீதி என்று திரும்பினார். தாளமும் சிக்கலாகிக்கொண்டே போனது. 34 வயதில் மூளைக் கட்டியால் இறந்துபோனார். உறுமுகிற குரல் வெறும் கத்தல் கிடையாது. குரல்நாண்களுக்கு மேலே 'பொய் நாண்' என்று ஒரு மடிப்பு இருக்கிறது, அதை அதிரவைப்பது. தப்பாகச் செய்தால் தொண்டை கிழியும். முறையாகப் பயின்றவனுக்கு வலிக்காது.

இலக்கியத்தை எடுத்து இந்த மாதிரி ஆல்பம் செய்வதும் புதிதில்லையாம். மாஸ்டடான் என்ற குழு, ஹெர்மன் மெல்வில் 1851இல் எழுதிய 'மோபி டிக்' நாவலை வைத்து 2004இல் 'லெவியாதன்' கொண்டுவந்தது. பிரேசிலின் செபுல்ட்டுரா, தாந்தேயின் காவியத்தை வைத்து 2006இல் ஒன்று செய்தது.

"அவங்க கதையை அவங்க பாடறாங்க. நம்மாளு யாராவது உண்டா?" என்றேன், மடக்கிவிட்ட நினைப்பில்.

"ருத்ரா, தாத்தா. சிங்கப்பூர்த் தமிழருங்க."

1992இல் தொடங்கிய குழு. பேஸ் கிட்டாரும் குரலுமாக முன்னால் நிற்பவர் கதிராசன், வேதாந்தம் கற்றவர். தங்கள் இசைக்கு 'வேதிக் மெட்டல்' என்று பெயர் வைத்தார்கள். 2003இல் 'குருக்ஷேத்ரா'. அடுத்து 'பிரம்மவித்யா' என்று மூன்று பாகம், 2005, 2009, 2011 என்று வந்தன. ஒரே எண்ணத்தைப் பிடித்துக்கொண்டு ஆறேழு வருஷம். சிங்கப்பூர்த் தேசியக் கல்விக் கழகத்தைச் சேர்ந்த இசையறிஞர் யூஜின் டைரியநாதன் இவர்களை வைத்து ஆய்வுக் கட்டுரையே எழுதியிருக்கிறார்.

காது மிஷினை மாட்டிக்கொண்டு கேட்டேன். முதல் பாட்டு இடியாக விழுந்தது. இரண்டாவதும் இடிதான். மூன்றாவதில் உறுமலுக்கு நடுவே வடமொழிச் சொற்கள் எழுந்தன. பூஜையறையில் முணுமுணுக்கிற சொற்கள் பட்டறையில் சம்மட்டி அடிக்கிற மாதிரி வந்தன. எனக்குப் பிடித்தது என்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் தெரியாமல் செய்கிற வேலை இல்லை என்று புரிந்துவிட்டது.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. திரிசிரபுரம் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையை நினைத்துக்கொண்டு கிடந்தேன். கோபாலகிருஷ்ண பாரதியார் நந்தனார் சரித்திரக் கீர்த்தனைகளை எழுதிக்கொண்டு சிறப்புப்பாயிரம் கேட்டு அவரிடம் போனார். பெரியபுராணத்தில் சில பாட்டுகளில் முடிகிற நந்தனாரை ஒரு ராத்திரி முழுக்கப் பாடும்படி விரித்த படைப்பு அது. சிதம்பரத்தைப் பார்க்கத் துடிக்கிற ஒரு பண்ணையாள், தடுக்கிற ஒரு பண்ணையார் என்று ஒரே சரடு. இலக்கணப் பிழை இருக்கிறதென்று பிள்ளையவர்கள் பாயிரத்தைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தார். பாரதியார் அவர் வீட்டுத் திண்ணையில் காத்திருந்தபடி தம் பாட்டையே பாடிக்கொண்டிருந்தார். உள்ளேயிருந்து கேட்ட மகாவித்துவான் உருகிப்போய்ப் பாயிரம் எழுதித் தந்தார். பிழை போய்விடவில்லை. பிழையோடு சேர்த்து அதற்குள் இருந்ததையும் அவர் காது கேட்டது.

மறுநாள் பேரனை உட்காரவைத்து, பதினெட்டு நாள் போருக்குப் பதினெட்டுப் பாட்டு என்று அவன் போட்டு வைத்திருந்த திட்டத்தைப் பார்த்தேன்.

"முழுப் பாரதத்தையும் தூக்காதடா தம்பி, இடுப்பு ஒடியும். வில்லியே பத்தோட நிறுத்தினாரு. நீ ஒரே ஒரு முடியைப் பிடி."

"முடியா?"

"பாஞ்சாலி கூந்தல். சபையில இழுத்தானே, அங்க ஆரம்பி. வனவாசத்துல விரிஞ்சு கிடக்கு, விராடன் அரண்மனையில இன்னொருத்திக்குப் பூ முடிச்சுவிடறா, தன் முடி அப்படியே கிடக்கு. தூது போற கண்ணன்கிட்ட அதைக் காட்டி அழுவுறா. படுகளத்துல முடியறா. அவ்வளவுதான் உன் ஆல்பம்."

அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. "படுகளம்னா?" என்றான். சென்னையில் வளர்ந்த பிள்ளை. எங்கள் கடலூர், விழுப்புரம் பக்கத்துத் திரௌபதி அம்மன் திருவிழாவைச் சொன்னேன். பகலில் பாரதம் படிப்பார்கள், ராத்திரி கூத்து. கடைசியில் ஒரு விடியற்காலை, மைதானத்தில் துரியோதனனை மண்ணால் பெரிய உருவமாகப் படுக்கவைத்திருப்பார்கள். வீமன் தொடையில் அடிப்பான், செந்நீர் பீறிடும். அம்மன் அதைத் தொட்டுக் கூந்தலை முடிவாள். அன்று மாலை தீமிதி. சொல்லிக்கொண்டே வந்தவன் நடுவில் நிறுத்திவிட்டேன். ரத்தம், மரணம், உறுமல், ராத்திரி முழுக்க மத்தளம். இவன் பாட்டில் நான் எதைப் பார்த்து முகம் சுளித்தேனோ, அதைத்தான் சின்ன வயதில் அப்பா தோளில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன்.

அந்த வருஷத் திருவிழாவுக்கு அவனைக் கூட்டிக்கொண்டு போனேன். திரைக்குப் பின்னாலிருந்து துரியோதனன் குரல் எழுந்தபோது பேரன் என் கையைப் பிடித்தான். திரை விலகியது. கட்டை வேஷம், புஜக்கட்டை, சுற்றிச் சுற்றிக் கிர்க்கி. அந்த வேஷக்காரனை எனக்குத் தெரியும். நான் வகுப்பில் சிரிக்கவைத்த பையன். தலை நரைத்துவிட்டது, குரல் நரைக்கவில்லை.

விடிந்ததும் டீக்கடையில் அவனைப் பார்த்து, "அன்னைக்கு உன்னை மேடை ஏத்தியிருக்கணும்" என்றேன்.

"விடுங்க வாத்தியாரே. அது பத்து நிமிஷ மேடை. இங்க ராத்திரி பூரா என்னுதுதானே" என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். ஆனாலும் மறக்கவில்லை என்று தெரிந்தது. மறக்காதது நியாயம். பேரனைக் கூப்பிட்டு, மூச்சை அடிவயிற்றில் கட்டி எப்படி உறுமுவது என்று அரைமணி நேரம் சொல்லிக்கொடுத்தான். நான் சொல்லித்தர முடியாத பாடம் அது.

அதற்குப்பின் எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் ஏற்பட்டது. சாயங்காலம் அவன் ஒரு பாட்டைக் கொண்டுவருவான், நான் பதம் பிரித்து உரை சொல்வேன். அவன் கிட்டாரில் எதையோ திரும்பத் திரும்ப வாசிப்பான். ஒருநாள் விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். ஏழு. தகிட தகதிமி. "இது மிஸ்ரம்டா!" என்றேன். அவர்கள் அதற்கு வேறு பெயர் வைத்திருக்கிறார்கள். பாஞ்சாலி சபையில் நிற்கும்போது ஐந்தாக உடைகிறது, கண்டம். எட்டில் சுகமாக நடந்தால் அவள் தவிப்பு வராது என்றான். சந்தத்தைப் பற்றி இவ்வளவு தெளிவாக ஒரு மாணவனும் என்னிடம் பேசியதில்லை.

சண்டையும் வந்தது. அவன் உறுமலில் லகர ளகர ழகரம் மூன்றும் ஒன்றாகிவிடுகின்றன. அளகம் என்றால் கூந்தல். அவன் வாயில் அது அழகமா, அலகமா என்று தெரியவில்லை. "கேக்குறவனுக்கு எப்படிடா புரியும்?" என்று கத்தினேன்.

"கேக்குறவனுக்குப் புரியாமப் போகலாம், தாத்தா. பாடுறவனுக்குத் தெரியலைன்னா பாட்டு பொய்யாயிடும். அதுக்குத்தான் உங்ககிட்ட வந்தேன்."

இந்த வயதில் எனக்குக் கிடைத்த பாடம் இதுதான். நம் பிள்ளைகள் நம்மிடம் அனுமதி கேட்டு வருவதில்லை. அனுமதி இல்லாமலும் செய்துவிடுவார்கள், செய்யவும் வேண்டும். அவர்கள் கேட்டு வருவது உரை. சொல்லுக்குப் பொருள், கதைக்கு முன்கதை, ஊருக்கு வழி. அதைக் கொடுக்கத்தான் நாம் இத்தனை வருஷம் படித்தோம். துறட்டியோடு உட்கார்ந்திருந்தால் எதிரில் வந்து உட்கார ஆளே இருக்கமாட்டார்கள். காதுகள் பத்திரமாக வேறு ஊருக்குப் போய்விடும். புத்தகம் நம் அலமாரியில் சுத்தமாக, பிழையில்லாமல், கரையான் வருகிற வரை இருக்கும்.

அதற்காக எல்லாவற்றையும் பலே என்று சொல்லவும் நான் தயாரில்லை. கண்ணை மூடிக்கொண்டு பாராட்டுவதும் ஒருவகை அலட்சியம்தான். படித்துவிட்டுப் பாடினானா என்று கேட்பேன். பாடியது எனக்குப் பிடிக்கிறதா என்பது அதற்கு அப்புறம்தான்.

போன வாரம் ஐந்து பாட்டையும் சேர்த்துப் போட்டுக்காட்டினான். மர அலமாரிமேல் ஸ்பீக்கரை வைத்தான். நான் அலமாரியில் உள்ளங்கையை வைத்துக்கொண்டேன். டாக்டர் சொன்னது நிஜம்தான். வயலின் என்னைவிட்டுப் போய்விட்டது. இந்தத் தாழ்ந்த கிட்டாரும் இரட்டை மிதியில் உருளும் டிரம்மும் என் காதுக்கு மிச்சம் வைக்கப்பட்டிருக்கின்றன. கடைசிப் பாட்டில் எல்லாம் அடங்கி, தாளம் மட்டும் தனியே நடந்தது. கூந்தல் முடிகிற இடம். அவன் ஆயா அடுப்படியிலிருந்து வந்து நிலைப்படியில் நின்றாள். இந்தத் தடவை பால் பொங்கவில்லை.

முடிந்ததும் என் முகத்தைப் பார்த்தான். காது மிஷினை இன்னும் ஒரு சுற்று ஏற்றிவைத்துக்கொண்டு சொன்னேன்:

"மறுபடி போடுடா. மூணாவது பாட்டுல ஒரு ளகரம் இடிக்குது."