தகடும் சட்டமும்



கேமரன் மலைக்கு வரும் சுற்றுப்பயணிகள் தேயிலைச் சரிவுகளைப் படம் பிடிப்பார்கள். ஸ்ட்ராபெரித் தோட்டங்களைத் தேடிப் போவார்கள். இங்கேயே வாழும் நம் கண்ணில் வேறொன்றும் நாள்தோறும் பட்டுக்கொண்டிருக்கும். அதுதான் பழைய லேண்ட் ரோவர்! ரிங்லெட் முதல் கம்போங் ராஜா வரை, முட்டைக்கோசும் தக்காளியும் சுமந்து உறுமியபடி மேடேறும் அவ்வண்டிகளில் ஒன்றைப்போல் மற்றொன்று இருப்பதில்லை. ஒன்றுக்குப் பின்தொட்டி நீண்டிருக்கும். இன்னொன்றுக்குக் கூரையே இராது. வேறொன்றின் கதவு வீட்டிலேயே வெட்டி மாட்டியதாக இருக்கும்.

இந்த வண்டியின் உடலை வீட்டில் வைத்தே மாற்ற முடிவது ஏன்? அதற்கு வரலாற்றில் விடை உண்டு. லேண்ட் ரோவர் 1948 ஏப்ரல் 30ஆம் நாள் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அறிமுகமானது. போர் முடிந்த இங்கிலாந்தில் அப்போது எஃகுக்குக் கடுமையான தட்டுப்பாடு. ஆகவே உடலை அலுமினியக் கலவைத் தகட்டால் செய்தார்கள். வளைவு நெளிவான தகடுகளை அழுத்தி எடுக்க விலையுயர்ந்த அச்சுகள் வேண்டும். அச்செலவைத் தவிர்க்கத் தகடுகளைப் பெரும்பாலும் தட்டையாகவே விட்டார்கள். அடியில் பெட்டி வடிவ எஃகுச் சட்டம். அதன்மேல் நட்டும் போல்ட்டும் கொண்டு பூட்டிய தகடுகள். வறுமைக் காலத்து வடிவமைப்பு, ஏழைக் குடியானவனின் கைக்கு எட்டும் வண்டியாக அதை ஆக்கிவிட்டது. அந்தப் பழைய வடிவத்தின் வழிவந்த கடைசி வண்டி 2016 ஜனவரி 29ஆம் நாள் ஆலையைவிட்டு வெளிவந்தது. நம் மலையிலோ அதன் முன்னோர்கள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறார்கள்!

இனி, இதை நான் எழுத நேர்ந்த காரணத்தைச் சொல்கிறேன்.

ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு 'என் தந்தையின் தொழில்' என்ற தலைப்பில் கட்டுரை எழுதப் பணித்திருந்தேன். தேயிலைத் தோட்டத்திலிருந்து வரும் ஒரு மாணவன் மூன்றே வாக்கியங்கள் எழுதியிருந்தான். தந்தை தோட்டத்தில் வேலை செய்கிறார், கடுமையாக உழைக்கிறார், நான் அவரை மதிக்கிறேன். யார் வேண்டுமானாலும் யாரைப் பற்றியும் எழுதக்கூடிய வாக்கியங்கள்! ஆனால் நோட்டை நீட்டிய அவன் விரல் நகங்களில் பச்சைச் சாயம் ஒட்டியிருந்தது. விசாரித்தேன்.

"ஞாயித்துக்கிழமை அப்பாவோட லேண்ட் ரோவர் பாடி செய்வோம், டீச்சர்."

"அதை ஏன் எழுதவில்லை?"

"அது தொழில் இல்லையே, டீச்சர்."

அந்த விடை என்னை உறங்கவிடவில்லை. அடுத்த ஞாயிறன்று அவர்கள் வீட்டுக்குச் சென்றேன்.

வரிசை வீட்டின் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. கழற்றிய பின்தொட்டி இரண்டு எண்ணெய்ப் பீப்பாய்களின்மேல் கிடந்தது. தந்தை அளவுநாடாவின் ஒரு முனையைப் பிடிக்க, மகன் மறுமுனையை எதிர்மூலைக்குக் கொண்டு போனான். பிறகு மற்ற இரு மூலைகளையும் அவ்வாறே அளந்தார்கள். "ரெண்டு குறுக்கும் ஒன்னா இருந்தாத்தான் தொட்டி கோணாம இருக்கும், டீச்சர்" என்றார் தந்தை. எதிர்ப்பக்கங்கள் சமமாகவும் மூலைவிட்டங்கள் சமமாகவும் இருந்தால் அது செவ்வகம். கணிதப் பாடத்தில் திணறும் அதே மாணவன், அங்கே ஒரு மில்லிமீட்டர் வேறுபாட்டையும் விட்டுக்கொடுக்கவில்லை!

நசுங்கிய தகட்டை நிமிர்த்தியதையும் கண்டேன். அடிபட்ட அலுமினியம் இறுகிப் போகும்; மேலும் தட்டினால் வெடிக்கும். சூடாக்கினால் இளகும். ஆனால் இரும்பைப்போல் அது சிவந்து எச்சரிக்காது. திடீரென உருகி ஓட்டை விழும். ஆகவே தகட்டில் துணி சோப்பைத் தேய்த்து, மறுபுறம் தீச்சுடரை மெல்ல நகர்த்தினார். சோப்பு கறுத்ததும் சுடரை விலக்கிவிட்டார். தகடு ஆறியபின் மணல் மூட்டையின்மேல் கிடத்தி, கொட்டாப்புளியால் தட்டித் தட்டி நேராக்கினார். வெப்பமானி இல்லாத இடத்தில் சோப்பே வெப்பமானி!

எஃகும் அலுமினியமும் சேரும் இடங்களில் எல்லாம் ரப்பர்த் துண்டு வைத்தார்கள். நம் மலையில் பனியும் மழையும் ஓயாது. இரு உலோகங்களுக்கிடையே ஈரம் புகுந்தால், மின்கலத்தில் நடப்பதே அங்கும் நடக்கும். அலுமினியம் வெள்ளைப் பொடியாக அரித்துப்போகும். எஃகைப் பற்றவைக்கும் முன், பெட்ரோல் தொட்டியைக் கழற்றித் தொலைவில் வைத்தார்; மின்கல இணைப்பைத் துண்டித்தார்; மகனையும் அப்பால் அனுப்பினார்.

இவை அனைத்தையும்விட என் மனத்தில் பதிந்தது வேறொன்று. பின்தொட்டியை நீட்டி, இருபுறமும் பலகை இருக்கை பொருத்தி, பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிச் செல்லுமாறு அக்கம்பக்கத்தார் அவரைக் கேட்டிருக்கிறார்கள். மாதந்தோறும் பணமும் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அவர் மறுத்துவிட்டார்.

"மேல இருக்கிற தகடு நம்ம விருப்பம், டீச்சர். அடிச்சட்டம் நம்ம விருப்பம் இல்ல" என்றார்.

அவர் மறுத்ததன் பொருளை எண்ணிப் பாருங்கள். பின்சக்கர அச்சுக்குப் பின்னால் பாரம் கூடக்கூட, அந்த அச்சே தாங்கும் புள்ளியாகி, வண்டியின் முன்பாகம் இலேசாகும். நாம் கற்பிக்கும் நெம்புகோல்தான்! முன்சக்கரங்கள் தரையை இறுகப் பற்றாவிட்டால், மேடேறும் வளைவில் திசைமாற்றியைத் திருப்பினாலும் வண்டி முழுமையாகத் திரும்பாது. உயரத்தில் பிள்ளைகள் அமர்ந்தால் கவிழும் ஆபத்தும் கூடும். ரிவெட் அடித்த மெல்லிய தகடு முட்டைக்கோசைத் தாங்கும், குழந்தையைக் காக்காது.

சட்டம் என்ற சொல்லுக்குத் தமிழில் இரு பொருள் உண்டல்லவா? மற்றச் சட்டமும் இதையே சொல்கிறது. 1987ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டமும், வாகனக் கட்டுமானம், பயன்பாடு பற்றிய 1959ஆம் ஆண்டின் விதிகளும் நம் நாட்டில் நடப்பில் உள்ளன. வண்டியின் கட்டமைப்பை மாற்ற ஜேபிஜே எனும் சாலைப் போக்குவரத்துத் துறையின் ஒப்புதல் வேண்டும். கட்டணம் வாங்கிப் பிள்ளைகளை ஏற்றத் தனி உரிமமும் வேண்டும்.

ஆசிரியர்களே, அந்த மாணவன் கட்டுரையை மீண்டும் எழுதினான். இம்முறை இரண்டு பக்கங்கள்! எழுத்துப் பிழைகள் இருந்தன, திருத்திக்கொள்ளலாம். ஆனால் மூலைவிட்டம், கொட்டாப்புளி, அடிச்சட்டம் ஆகிய சொற்கள் அவற்றுக்குரிய இடத்தில் சரியாக அமர்ந்திருந்தன. நம் 'வடிவமைப்பும் தொழில்நுட்பமும்' பாடத்திற்கு அட்டைப்பெட்டி மாதிரிகளை மட்டுமே நம்பியிருக்க வேண்டியதில்லை. கைத்தொழில் தெரிந்த ஒரு தந்தையை ஒருநாள் வகுப்பறைக்கு அழையுங்கள்.

பெற்றோர்களே, "படிக்காவிட்டால் பட்டறைக்குத்தான் போவாய்" என்று பிள்ளையை அச்சுறுத்தாதீர்கள். பட்டறையில் கணிதமும் அறிவியலும் இருக்கின்றன. அத்திறனுக்கு மலேசியத் திறன் சான்றிதழ் பெறும் வழியும் இருக்கிறது. எதை மாற்றலாம், எதைத் தொடக்கூடாது என்று பிரித்தறிவதே அத்தொழிலின் முதற்பாடம்.

இறுதியாக ஒரு வேண்டுகோள். நாளைக் காலை உங்கள் பிள்ளை ஏறப்போகும் வண்டியின் புதுச் சாயத்தை மட்டும் பார்க்காதீர்கள். சற்றுக் குனிந்து, அதன் அடிச்சட்டத்தையும் பாருங்கள். துருவோ, ஒட்டுப்போட்ட தடமோ தெரிந்தால், பிள்ளையை ஏற்றுவதற்கு முன் ஓட்டுநரிடம் கேளுங்கள்.