மலை குல்லா போட்டால்...

எங்கள் ஆபீஸில் கேஷுவல் லீவுக்கு மூன்று காரணங்கள்தான் செல்லும். ஜுரம், சாவு, ஹவுஸ் ஓனர். 'குறிப்பிட்ட தேதியில் மலையுச்சியில் மேகம் இருக்காது போலத் தெரிகிறது' என்று எழுதிக் கொடுத்த முதல் ஆசாமி அநேகமாக நான்தான். மேனேஜர் இரண்டு தடவை படித்துவிட்டு, "போலத் தெரிகிறதுன்னா என்னய்யா? கன்ஃபர்ம் இல்லையா?" என்றார்.

இல்லை ஸார். அதுதானே பிரச்னை!

மலையின் பெயர் அகஸ்தியர்கூடம். உயரம் 1868 மீட்டர். பொதிகை என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்களே, அதே பொதிகையின் உச்சி. தாமிரபரணி புறப்படுகிற மலை. அம்பாசமுத்திரத்தில் என் தாய்மாமா வீட்டு மொட்டை மாடியிலிருந்து, வானம் சுத்தமாக இருந்தால், பல் தேய்த்துக்கொண்டே பார்க்கலாம். ஆனால் ஏற வேண்டுமென்றால் மாடியிலிருந்து இறங்கி, நெல்லையில் ரயில் பிடித்து, நாகர்கோவில் வழியாக திருவனந்தபுரம் போய், அங்கிருந்து விதுரா, போனக்காடு என்று சுற்றி, மலையின் முதுகுப்பக்கமாகத்தான் ஏற வேண்டும். நம் பக்கம் புலிகள் காப்பகம். அனுமதி தருவது கேரள வனத்துறை. எதிர்வீட்டுக்குப் போக ஊரைச் சுற்றுகிற கதை.

மாமாவுக்கு வயது 63. முப்பது வருஷம் மில்லில் வேலை. முப்பது வருஷமும் ஷிப்ட் முடிந்து சைக்கிளில் திரும்பும்போது அந்த மலையைப் பார்த்துக்கொண்டே வந்தவர். ஒரு தடவைகூட ஏறியதில்லை. ரிட்டயரானதும் ஏறலாம் என்றிருந்தார். ரிட்டயரானதும் வலது முழங்காலில் 'கடக்' என்று ஒரு சத்தம் வர ஆரம்பித்தது. டாக்டர் சொல்லிவிட்டார்: "இந்த வருஷம் போயிட்டு வாங்க. அடுத்த வருஷம் என்கிட்ட கேக்காதீங்க."

ஆக, சான்ஸ் ஒன்றே ஒன்று. தேதியைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு என் தலையில்.

பொதிகைக்கு மழை இரண்டு. ஜூன் முதல் செப்டம்பர் வரை கேரளா பக்கமிருந்து தென்மேற்கு. அக்டோபர் முதல் டிசம்பர் வரை நம் பக்கமிருந்து வடகிழக்கு. சரி, ஏப்ரல், மே? கோடை இடி. மொட்டைப் பாறை மேல் நின்றுகொண்டு மின்னலை வரவேற்க யாருக்கு ஆசை? கழித்துப் பார்த்தால் மிஞ்சுவது ஜனவரி, பிப்ரவரி. வனத்துறையும் பெரும்பாலும் அப்போதுதான் கதவைத் திறக்கிறது.

ஜனவரி என்றால் வெயில் என்று நம்பிவிடாதீர்கள். 2021 பொங்கலுக்குத் தாமிரபரணியில் வெள்ளம். காலண்டர் பார்த்து மழைக்காலம் முடிந்ததாக நாம்தான் நினைத்துக்கொள்கிறோம். வங்காள விரிகுடாவிலிருந்து ஈரத்தைச் சுமந்துவரும் கீழைக்காற்றுக்குக் காலண்டர் தெரியாது. அதனால் பிப்ரவரி இரண்டாவது வாரம் என்று முடிவு கட்டினேன். ஈரம் குறைந்திருக்கும், இடி ஆரம்பித்திருக்காது. தேதியோ பல நாள் முன்னாடியே புக் பண்ண வேண்டும். வானிலைக் கணிப்பை நம்பலாமென்றால் கிட்டத்தட்ட ஒரு வாரத்துக்குத்தான். பெண் பார்ப்பதற்கு முன்னால் சத்திரம் பிடித்த மாதிரி.

போனில் மூன்று ஆப் ஏற்றிக்கொண்டேன். ஒன்று வெயில் என்றது, ஒன்று மழை என்றது, மூன்றாவது சாமர்த்தியமாக இரண்டு படத்தையும் சேர்த்துப் போட்டது. தப்பு ஆப் மேல் இல்லை. கம்ப்யூட்டர் பூமியைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக் கணக்குப் போடுகிறது. நல்ல மாடலுக்கே ஒரு கட்டம் 9 கிலோமீட்டர் வாக்கில். அதற்குள் சிகரத்தையும் பள்ளத்தாக்கையும் சேர்த்து அரைத்துச் சட்னியாக்கினால், உச்சி ஒரு சின்ன மேடாகிவிடும். அதனால் மழைப் படத்தை விட்டுவிட்டு, 1500 மீட்டர் உயரத்தில் காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது, அதில் ஈரம் எவ்வளவு என்பதை மட்டும் தினம் பார்க்க ஆரம்பித்தேன்.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். இந்த உச்சியின் வானிலையைப் பற்றி நான் கவலைப்படுவதற்கு வெகு காலம் முன்பே ஒருவர் கவலைப்பட்டிருக்கிறார். திருவிதாங்கூர் மகாராஜாவின் வானாய்வு நிலையத்துக்குத் தலைவராக இருந்த ஜான் ஆலன் புரோன் என்ற ஸ்காட்லாந்துக்காரர். 1855-ல் இதே சிகரத்தில் ஓர் ஆய்வுக்கூடம் கட்டி, காற்றழுத்தத்தையும் காந்தப் புலத்தையும் அளக்க ஏற்பாடு செய்தார். கருவிகளை மேலே சுமந்தவர்கள் என்ன லீவ் லெட்டர் கொடுத்தார்களோ!

மாமாவின் முறை வேறு. தினம் சாயங்காலம் ஆறு மணிக்கு போன் வரும். "மருமவனே, இன்னைக்கு குல்லா போட்ருக்கு." அல்லது, "குல்லா இல்லை, சுத்தமா நிக்கி." அவ்வளவுதான், வைத்துவிடுவார். அவருடைய குல்லாவும் என் காற்றும் பல நாள் ஒத்துப்போகவில்லை. யோசித்ததில் காரணம் புரிந்தது. அவர் பார்ப்பது மலையின் முகம். நாங்கள் ஏறப்போவது முதுகில். அரபிக் கடல் காற்று அந்தப் பக்கம் ஏறி மேகமாகக் குந்தியிருந்தால் அம்பாசமுத்திரத்துக்குத் தெரியாது. இதை மாமாவிடம் சொன்னேன். "அப்போ முப்பது வருஷமா அது என்னைய ஏமாத்திட்டு இருந்திருக்கு" என்றார், வருத்தமாக.

பயணம் மூன்று நாள். முதல் நாள் போனக்காட்டிலிருந்து அதிருமலை முகாம் வரை ஏறக்குறைய 15 கிலோமீட்டர். மூன்றாம் நாள் இறக்கம். நடுவில் இரண்டாம் நாள் காலை நாலைந்து மணி நேரம் வானம் திறந்திருந்தால் போதும். வெயில் ஏற ஏறச் சரிவில் காற்று சூடாகி, மேலெழும்பி, மதியத்துக்குள் மேகம் கட்டிவிடும். உச்சிக்கு முன்னால் பாறையில் கயிறு பிடித்து ஏற வேண்டும். ஈரப் பாறை, 63 வயது, கடக் முழங்கால். நோட்டில் எழுதினேன்: 'பதினோரு மணிக்குப் பாறை காயாவிட்டால் திரும்புவது. விவாதம் கிடையாது.' மாமாவிடம் கையெழுத்து வாங்கினேன். மில் யூனியன்காரர், மூன்று தடவை படித்துவிட்டுத்தான் போட்டார்.

முதல் நாள் ராத்திரி அதிருமலையில் நட்சத்திரம் கொட்டிக் கிடந்தது. கணக்குப்படி ஒரு கிலோமீட்டர் ஏறினால் ஆறரை டிகிரி குறைய வேண்டும். காற்று அந்தக் கணக்கை மதிக்கவில்லை. ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர், அதற்கு மேல் மாமாவின் துண்டு.

விடிந்தால் பனிமூட்டம். தூறல்கூட இல்லை, மேகமே உள்ளே வந்து உட்கார்ந்திருந்தது. பொங்கலப்பாறை தாண்டி, கயிற்றடிக்கு வந்தபோது மணி 10.20. பாறை சோப்பு போட்ட மாதிரி வழுக்கியது. கூட வந்த காணி இனத்து வழிகாட்டி பாறையைத் தொட்டுப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. உட்கார்ந்தோம். 10.40. 10.50. மாமா முழங்காலைத் தேய்த்தபடி மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்து நிமிஷம் தள்ளிப்போட்டால் என்ன என்று என் மனசு பேரம் பேச ஆரம்பித்தது. வாயைத் திறந்தேன்.

"கையெழுத்துப் போட்டாச்சுல்லா? எறங்குவோம், மருமவனே" என்று எழுந்துவிட்டார்.

அதிருமலைக்கு வந்து கஞ்சித் தட்டோடு உட்கார்ந்து நிமிர்ந்தால், மேலே மூட்டமெல்லாம் விலகி, உச்சி பளிச்சென்று நிற்கிறது. எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. மாமா கஞ்சியை ஒரு வாய் குடித்துவிட்டு, "இந்தப் பக்கத்து மூஞ்சி இப்பிடியா இருக்கும்!" என்று பார்த்துக்கொண்டேயிருந்தார். இரண்டாவது தட்டு வாங்கினார்.

ஊருக்கு வந்து சில மாதங்கள் ஆகின்றன. போன வாரம் ஆறு மணிக்கு போன். "குல்லா இல்லை, மருமவனே."

"அதுக்கு இன்னும் நாள் இருக்கு மாமா. முழங்கால் எப்படி? டாக்டர் என்ன சொல்றார்?"

"டாக்டரை மாத்தியாச்சு" என்றார்.